து பிஷ்வாத்துக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது?

உங்கள் மகளின் கன்னிலிருந்து (இங்கே மழலையர் பள்ளியைக் ‘கன்’ என்பார்கள்) வந்த வாட்ஸ்அப் செய்தியை மொழிபெயர்த்துப் பார்த்தால் ‘மரங்களின் புத்தாண்டு, உலர்பழப் பை, மூடிய ஷூ’ என்று வருகிறது. இது என்ன பண்டிகை, அன்றைக்கு விடுமுறையா, ஐந்து வயதும் எட்டு வயதுமாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இஸ்ரேலின் ரெஹோவோத்திலிருந்து கார் இல்லாமல் எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு இது இந்த நாட்டில் ஏழாவது குளிர்காலம். முதல் வருடம் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தவன் என்ற தகுதியில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் விடுமுறை விஷயம். கிடையாது. கடை திறந்திருக்கும், ஆபீஸ் உண்டு, பள்ளிக்கூடமும் உண்டு. பிள்ளைகளைப் பாடத்துக்குப் பதில் வெளியே கூட்டிப்போய்க் கன்று நடவைப்பார்கள், அவ்வளவுதான். எபிரேய மாதமான ஷெவாத்தின் பதினைந்தாம் நாள் என்பதைத்தான் ‘து பிஷ்வாத்’ என்கிறார்கள். எபிரேயத்தில் எழுத்துதான் எண். பதினைந்தைப் பத்தும் ஐந்துமாக எழுதினால் கடவுளின் பெயரைத் தொடுவதுபோல ஆகிவிடும் என்று ஒன்பதும் ஆறுமாக எழுதுகிறார்கள், அதைச் சேர்த்துப் படித்தால் ‘து’. சந்திர மாதத்தின் பதினைந்து என்றால் பௌர்ணமி, அதனால் பெரும்பாலும் நம் தைப்பூசத்தை ஒட்டியே வரும். 2024இல் இரண்டும் ஒரே நாள், ஜனவரி 25. 2027இல் தைப்பூசம் ஜனவரி 22 வெள்ளிக்கிழமை, அன்று பொழுது சாய்ந்ததும் து பிஷ்வாத் ஆரம்பித்து 23 சனிக்கிழமை முடிகிறது. (யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்கும் என்பது இதற்குள் உங்களுக்குப் பழகியிருக்கும்.)

சனிக்கிழமை வருவதுதான் உங்களுக்குச் சிக்கல். ஓய்வுநாளில் நடவு கிடையாது, அதனால் கன்னிலும் பள்ளியிலும் ஒன்றிரண்டு நாள் முன்னதாகவோ ஞாயிற்றுக்கிழமையோ வைத்துவிடுவார்கள். உங்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி, வெள்ளி மதியத்தோடு ரயிலும் பெரும்பாலான பஸ்களும் நின்று சனி இரவுதான் மறுபடி ஓடும். முதல் வருடம் நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டிலோடு, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். தெருவில் ஒரு பூனை மட்டும் இருந்தது. கட்டுச்சோற்றை நிறுத்தத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு வீடு திரும்பினோம்.

சரி, இது என்ன பண்டிகை? உண்மையைச் சொன்னால் ஆரம்பத்தில் பண்டிகையே அல்ல, கணக்கு நாள். நம் ஊரில் ஜமாபந்தி, பட்டா, அடங்கல் என்று அலைந்தவர்களுக்குப் பசலி ஆண்டு தெரியும். ஜூலை 1இல் தொடங்கும், யாரும் அதற்குப் பொங்கல் வைப்பதில்லை, நிலவரிக் கணக்குக்காக மட்டும் ஓடும் வருடம் அது. அந்த மாதிரிதான் இதுவும். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா வருடத்துக்கு நான்கு புத்தாண்டு சொல்கிறது: அரசர்களுக்கும் பண்டிகைகளுக்கும் ஒன்று, கால்நடைக் காணிக்கைக்கு ஒன்று, வருடக் கணக்குக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று. மரத்துக்கு ஷெவாத் முதல் தேதி என்றது ஷம்மாய் என்ற பழைய ஆசானின் தரப்பு, பதினைந்து என்றது ஹில்லேல் என்ற இன்னொரு ஆசானின் தரப்பு. ஹில்லேல் ஜெயித்தார். ஏன் நடுக்குளிர்காலத்தில் என்றால், அந்த வருட மழையில் பெரும்பகுதி அதற்குள் பெய்து முடிந்திருக்கும். இனிமேல் பிடிக்கிற பிஞ்சு புது வருடத்துக் கணக்கு, அதற்கு முன் பிடித்தது பழைய வருடத்துக் கணக்கு. பழத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை கொடுக்க வேண்டியிருந்ததால் இந்தக் கோடு தேவைப்பட்டது.

மரத்தின் வயதையும் இதை வைத்தே பார்க்கிறார்கள். நட்ட முதல் மூன்று வருடக் காய்ப்பைச் சாப்பிடக் கூடாது, நான்காம் வருடத்துப் பழம் கடவுளுக்கு, ஐந்தில்தான் நமக்கு என்பது விவிலியத்தின் லேவியராகமத்தில் இருக்கும் விதி. இதெல்லாம் புத்தகத்தில் மட்டும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் எங்கள் வாசலில் நட்டிருந்த எலுமிச்சையில் நாலு காய் பறித்து எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்தேன். வாங்குவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, “மரத்துக்கு எத்தனை வயசு?” இரண்டு என்றேன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நடவு வந்தது மிகப் பிந்தி. 1890இல் ஸெவ் யாவெட்ஸ் என்ற ஆசிரியர் ஸிக்ரோன் யாகோவ் ஊரில் தன் மாணவர்களைக் கூட்டிப்போய்க் கன்று நட்டதுதான் தொடக்கம் என்பார்கள். பிறகு ஆசிரியர் சங்கமும், 1901இல் தொடங்கிய யூத தேசிய நிதியமும் அதை நாடு முழுக்கக் கொண்டுபோயின. எபிரேயத்தில் கேரென் கயேமெத், எல்லாரும் சுருக்கமாகக் கக்கால் என்பார்கள். இதுவரை 24 கோடிக்கு மேல் நட்டிருப்பதாக அவர்களே சொல்கிறார்கள். இஸ்ரேலின் நாடாளுமன்றம் 1949இல் முதன்முதலாகக் கூடியதும் இந்த நாளில்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாரும் முதலில் சொல்வது கக்கால் நடத்தும் நடவைத்தான். முன்பதிவு செய்து பணம் கட்டினால் குழி தயாராக இருக்கும், கன்றைக் கையில் தருவார்கள், ஒரு பிரார்த்தனை படிப்பார்கள், நட்டதும் சான்றிதழ், போட்டோ. எட்டு வயதுப் பையனுக்குப் பிடிக்கும். ஆனால் என் அபிப்பிராயம், இதற்காக மட்டும் ஒரு பயணம் வேண்டாம். வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்காகப் பஸ் மாறி மாறிப் போய் வர அரைநாள் ஆகும். கன்னிலும் பள்ளியிலும் எப்படியும் நடத்தான் போகிறார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு கன்று வேண்டுமென்றால் எந்த நர்சரியிலும் கிடைக்கும்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மரம் நடுவது எல்லாருக்கும் ஒரே அர்த்தம் தருவதில்லை. 2022 ஜனவரியில் தெற்கே நெகேவ் பாலைவனத்தில் பெதுயின் என்ற அரபு மக்கள் உழுது பயிரிட்டுவந்த நிலத்தில் நடவு தொடங்கியதும் பெரிய போராட்டம் வெடித்து, கைதுகள் நடந்து, வேலையை நிறுத்தினார்கள். நான் கீழே சொல்லப்போகும் ஸதாஃப்கூட 1948 வரை பாலஸ்தீன மக்கள் வாழ்ந்த கிராமம். பிள்ளைகளுக்கு இப்போதே எல்லாம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அந்தக் கல்வீடுகளின் மிச்சத்தைப் பார்த்து “இது யார் வீடு?” என்று பெரியவன் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். என் பையன் கேட்டான்.

உங்களுக்கு முதல் தேர்வாக நான் சொல்வது ரெஹோவோத்திலேயே இருக்கிறது, ஊர்க்காரர்களே பாதிப்பேர் போயிருக்க மாட்டார்கள். மின்கோவ் பழத்தோட்ட அருங்காட்சியகம். 1904இல் மின்கோவ் என்பவர் போட்ட ஆரஞ்சுத் தோட்டம், ரெஹோவோத்தில் யூதர்கள் போட்ட முதல் ஆரஞ்சுத் தோட்டம் அது. பழைய கிணறு, தொட்டி, அங்கிருந்து ஓடும் வாய்க்கால்கள். நம் ஊர்க் கமலைக் கிணற்றையும் வாய்க்காலையும் தாத்தா வீட்டில் பார்த்த பிள்ளைகளாக இருந்தால் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள். ஜனவரியில் ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளெல்லாம் காய்த்துக் குலுங்கும் காலம். முன்கூட்டியே போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

அடுத்தது பாதாம் பூ. இந்த நாளின் அடையாளமே அதுதான், கன்னில் உங்கள் மகள் பாடப்போகும் பாட்டும் பாதாம் மரம் பூத்ததைப் பற்றித்தான் இருக்கும். இலை வருவதற்கு முன்பே மொட்டைக் கிளை முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும், நம் கல்யாண முருங்கை இலையில்லாமல் பூத்து நிற்குமே அந்த மாதிரி. (நம் தெருவில் வாதாமரம் என்று நிழலுக்கு நிற்பது முற்றிலும் வேறு மரம். இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் “இது பாதாமே இல்லை” என்று சண்டைக்கு வருவார்கள்.) எபிரேயத்தில் பாதாமுக்கு ‘ஷகேத்’ என்று பெயர். விழித்திருந்து கருத்தாகச் செய்வது என்பதற்கும் அதே வேர்ச்சொல்தான், எரேமியா புத்தகத்திலேயே இதை வைத்து ஒரு சிலேடை வரும். மற்ற மரங்கள் தூங்கும்போது முதலில் எழுகிற மரம் என்பதால் பெயர் பொருத்தம்தான்.

எருசலேம் மலைச்சரிவில் இருக்கும் ஸதாஃப், ஐன் கேரெம், லத்ரூனிலிருந்து ஷார் ஹகாய் வரும் வழி, எல்லாமே பாதாமுக்குப் பேர்போன இடங்கள். ஸதாஃபில் படிக்கட்டு வயல்களும் பாறைக்குள்ளிருந்து வரும் ஊற்றும் இருக்கின்றன, பிள்ளைகளை அந்த ஊற்றுப் பக்கத்திலிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். ஆனால் தேதியைக் கவனியுங்கள். பண்டிகை ஜனவரியிலேயே வரும் வருடங்களில் சமவெளியில்தான் பூ முதலில் தெரியும், மலையில் அப்போதுதான் மொட்டு விட்டிருக்கும். அதனால் மலைப் பயணத்தைப் பிப்ரவரி முதல் பாதிக்குத் தள்ளிப்போடுங்கள், பண்டிகை முடிந்துவிட்டதே என்று மரம் பூக்காமல் இருந்துவிடாது. ஸதாஃபுக்குக் கார் இருந்தால்தான் சுகம், உங்கள் கணவரின் ஆய்வகத்தில் யாராவது போவார்கள், கூடச் சேர்ந்துகொள்ளுங்கள். ரயில்தான் வழி என்றால் டெல் அவிவில் மாறி எருசலேம் போய், கிவாத் ராமில் இருக்கும் தாவரவியல் பூங்காவைப் பாருங்கள். மழை வந்தால் ஒதுங்க அங்கே வெப்பமண்டலக் கண்ணாடி வீடு இருக்கிறது, உள்ளே நுழைந்ததும் உங்களுக்கே ஊர் ஞாபகம் வந்துவிடும்.

மலையில் ஒரு எச்சரிக்கை. பழைய பாதாம் மரத்தடியில் போன வருடக் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும். பொறுக்கி உடைத்து வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காட்டுப் பாதாமில் கசப்பு வகை உண்டு, அதைத் தின்றால் உடம்பில் சயனைடு உண்டாகும், சின்னப் பிள்ளைகளுக்குச் சில கொட்டையே ஆபத்து.

மொதியின் என்ற ஊருக்குப் பக்கத்தில் நெயோத் கெதுமிம் என்று ஒரு பெரிய தோட்டம். விவிலியத்திலும் பழைய யூத நூல்களிலும் வரும் மரம் செடிகளையெல்லாம் அந்தந்த நிலத்தோடு உருவாக்கியிருக்கிறார்கள். செக்கு, திராட்சை மிதிக்கும் தொட்டி எல்லாம் உண்டு. பண்டிகையை ஒட்டிக் குடும்பங்களுக்கென்று தனி நிகழ்ச்சி வைப்பார்கள். கட்டணம் உண்டு, கூட்டமும் உண்டு. கூட்டம் பிடிக்காதென்றால் அடுத்த வாரம் போங்கள், மரங்கள் அங்கேயேதான் நிற்கும்.

செந்நிற கலனியோத் பூக்களைப் பார்க்க மேற்கு நெகேவுக்குப் போகச் சொல்வார்கள். ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி முழுக்கத் தரை சிவப்பாகக் கிடக்கும், பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் ஷொகேதா, பெயேரி பக்கமெல்லாம் காஸா எல்லையோரம், 2023 அக்டோபர் 7 தாக்குதல் நடந்த பகுதி. கிளம்புமுன் ராணுவத்தின் உள்நாட்டுப் பாதுகாப்புப் பிரிவு போட்டிருக்கும் அறிவிப்பைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் ‘பூரா’ என்ற இயற்கைக் காப்பகத்தைச் சொல்வேன், கிர்யாத் காத்துக்கும் பீர்ஷெபாவுக்கும் நடுவே, எல்லையிலிருந்து தள்ளி இருக்கிறது. பூவைப் பறிக்கவே கூடாது, அது பாதுகாக்கப்பட்ட பூ, சட்டப்படி குற்றம். மகள் தலையில் வைத்துக்கொள்ளக் கேட்பாள், முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

ஹுலா பள்ளத்தாக்கின் கொக்குகளைப் பற்றி ஒருவரி. குளிர்காலத்தில் பல்லாயிரக்கணக்கில் வந்து தங்கும் பெரிய கொக்குகள், டிராக்டர் இழுக்கும் வண்டியில் உட்கார்ந்து நடுவிலேயே போய்ப் பார்க்கலாம், அபாரம். ஆனால் நாட்டின் வடகோடி, கார் இல்லாமல் ஒரே நாளில் வேண்டாம்.

நாங்கள் பீர்ஷெபாவில் இருந்தபோது போனது யத்தீர் காடு. 1964இல் நடத் தொடங்கியது, சுமார் 30 சதுர கிலோமீட்டர், இங்கே நட்டு வளர்த்த காடுகளில் மிகப் பெரியது. அங்கே வருடத்துக்குச் சுமார் 280 மில்லிமீட்டர் மழைதான். ராமநாதபுரத்தை நாம் வறண்ட மாவட்டம் என்கிறோம், அங்கே பெய்வதில் பாதிகூட இல்லை. ஒருபக்கம் பைன் மரங்கள், அடுத்த மேட்டைத் தாண்டினால் மொட்டைப் பாலை. எங்கே போனாலும் மழை நாளில் ஓடைப் பள்ளங்களில் இறங்காதீர்கள், தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும். சேற்றுக்கு மூடிய ஷூவும் மாற்று சாக்ஸும் கட்டாயம்.

ஊர் சுற்றுவதைவிட எங்கள் வீட்டில் பிள்ளைகள் எதிர்பார்ப்பது வெள்ளி இரவுச் சாப்பாட்டைத்தான். 16ஆம் நூற்றாண்டில் ஸஃபேத் ஊரின் ஞானிகள் வழியில் வந்த பழக்கம், பாஸ்கா பண்டிகை விருந்தைப்போல இதற்கும் ஒரு வரிசைமுறை வைத்து நான்கு கோப்பை திராட்சை மதுவும் பழங்களுமாகச் சாப்பிடுவது. பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு போதும். முதல் கோப்பை முழு வெள்ளை, இரண்டாவதில் வெள்ளையில் கொஞ்சம் சிவப்பு, மூன்றாவதில் சிவப்பு அதிகம், நான்காவது முழுச் சிவப்பு. குளிர்காலம் மெல்ல மெல்லப் பூக்காலமாக மாறுவது அது. கலக்குகிற பொறுப்பைப் பெரியவனிடம் கொடுத்துவிடுங்கள், மேஜைவிரிப்பு மட்டும் பழசாகப் போடுங்கள். பழங்களை மூன்றாகப் பிரிப்பார்கள்: மேலே ஓடு, உள்ளே உண்ணும் பகுதி என்றிருக்கும் மாதுளை, பாதாம், அக்ரூட், மேலே சதை, உள்ளே கொட்டை என்றிருக்கும் பேரீச்சை, ஆலிவ், முழுசாகத் தின்னும் அத்தி, திராட்சை. சின்னவளுக்கு இதைப் பிரிப்பதே விளையாட்டு. மாம்பழம் எந்தக் கூட்டம், பலா எந்தக் கூட்டம், வாழைப்பழத்தை என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் பட்டிமன்றம் நடந்தது, தேங்காயில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

பேரீச்சையை எடுக்கும்போது ஒரு கதை சொல்லலாம், கதை என்றாலும் நிஜம். மஸாதா கோட்டையை 1960களில் தோண்டியபோது கிடைத்த சுமார் 2000 வருடப் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005இல் கெதூரா என்ற கிப்புட்ஸில், அதாவது கூட்டுப்பண்ணைக் கிராமத்தில், நட்டார்கள். முளைத்தது! மெதூசெலா என்று பெயர் வைத்தார்கள். அது ஆண் மரம், காய்க்காது. அப்புறம் இன்னொரு பழங்கொட்டையிலிருந்து ஹன்னா என்ற பெண் மரம் வந்தது, மெதூசெலாவின் மகரந்தத்தைப் போட்டு 2020இல் முதன்முதலாக 111 பழம் பறித்தார்கள்.

கரோப் என்ற பழுப்புக் காயையும் வாங்குங்கள், இங்கே ஹரூவ். பார்க்கப் புளியங்காய், கடித்தால் வெல்லம், கொட்டை கல்லு மாதிரி. தங்கம் வைரத்துக்குச் சொல்லும் காரட் என்ற சொல்லே இந்த மரத்தின் பெயரிலிருந்து வந்ததுதான், அந்த விதையை எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். சமையல் தராசு இருந்தால் பெரியவன் ஒவ்வொரு விதையாக நிறுத்துப் பார்க்கட்டும், எல்லாம் ஒரே எடை இல்லை என்று கண்டுபிடித்து வருவான்.

உங்களுக்கு இன்னொரு யோசனை, மகாராஷ்டிரத்து பெனே இஸ்ரேல் யூதர்களிடமிருந்து. அவர்களுக்கு இது எலியா தீர்க்கதரிசியின் நாள். அலிபாக் பக்கத்தில் கண்டாலா என்ற கிராமத்துப் பாறையில் அவருடைய தேர்ச்சக்கரமும் குதிரைக் குளம்பும் பதிந்திருப்பதாக நம்பிக்கை, குடும்பம் குடும்பமாக அங்கே போவார்கள். மலீதா என்று ஒரு தாம்பாளம் வைப்பார்கள்: ஊறவைத்த அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், முந்திரி திராட்சை, சுற்றிலும் பழங்கள். நாம் கிருஷ்ண ஜயந்திக்குக் கிளறும் இனிப்பு அவல்தான் ஏறக்குறைய. இஸ்ரேலுக்கு வந்த பெனே இஸ்ரேல் குடும்பங்கள் இங்கேயும் செய்கிறார்கள். பள்ளியில் “உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்” என்று கேட்டால் பையன் தைரியமாக அவல் என்று சொல்லலாம்.

அப்புறம் அந்த உலர்பழப் பை. கடையில் மலைபோல் குவித்திருப்பதில் பாதாமி, அத்தியெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை, ‘இந்த மண்ணின் கனி’ என்று நினைத்து அதிகம் கொடுக்காதீர்கள். ஐரோப்பாக் குளிரில் பழமே கிடைக்காத யூதர்கள் காய்ந்ததைத் தின்று கொண்டாடிய பழக்கம், பழம் கொட்டிக் கிடக்கிற ஊரிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அத்தியைப் பிளந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், உள்ளே புழு இருக்கும். பேரீச்சையில் கொட்டையை எடுத்துவிடுங்கள். ஐந்து வயதுதானே, முழுக் கொட்டைகள் தொண்டையில் சிக்கும், வேண்டாம். வேறு பிள்ளைக்கு ஒவ்வாமை இருந்தால் பாதாம், முந்திரி எதையுமே கன்னுக்குள் விட மாட்டார்கள், கட்டுவதற்கு முன் டீச்சருக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுவிடுங்கள்.